பெயரின் நிழல் எவ்வளவு தூரம்?

ஆலுவாவில் கொச்சி மெட்ரோ ஏறித் தெற்கே வந்தால் முட்டத்துக்குப் பிறகு களமசேரி வரும். அதற்கு அடுத்த நிலையத்தின் பெயர் ‘கொச்சின் யுனிவர்சிட்டி’. இந்த இரண்டு நிலையங்களைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் படிப்பின் எல்லாப் படிகளும் இருக்கின்றன. அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், குசாட் என்று எல்லோரும் அழைக்கும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நுவால்ஸ் என்னும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி. அந்தப் படிப்புகள் போய்ச் சேரும் வேலைகளும் பக்கத்திலேயே உண்டு: எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலை, அப்போலோ டயர் ஆலை, பெரியாற்றங்கரை ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை, 2019இல் திறக்கப்பட்ட ஸ்டார்ட்அப் வளாகம். படித்த இடத்தின் பெயருக்கும் பிழைக்கும் இடத்துக்கும் என்ன உறவு என்று கேட்க இது பொருத்தமான ஊர்.

மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளிலும் கேரளத்து வீடுகளிலும் ஒரே பேச்சுதான். கட் ஆஃப் எவ்வளவு, கவுன்சலிங்கில் எந்தக் காலேஜ் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் கோச்சிங் போகலாமா? நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் பிள்ளையைப் பேர்பெற்ற கல்லூரியில் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாலு வருடப் படிப்பு நாற்பது வருடத்துக்குச் சோறு போடும் என்ற நம்பிக்கை. அது எந்த அளவுக்கு உண்மை? பொருளாதார ஆய்வுகள் கண்டவற்றையும் நம் பக்கத்து மனிதர்கள் வாழ்ந்து காட்டியவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய வேலை பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கல்லூரியின் பெயர் பேசுகிறது. வேலை தெரியத் தொடங்கியதும் பெயர் அடங்கிவிடுகிறது. ஆகவே அதன் நிழல் வெயில் நேரத்து நிழலைப் போன்றது: காலையில் நீளம், உச்சியில் குறுக்கம், மாலையில் மறுபடி நீளம்.

படிப்பு, பட்டம், பெயர்

மூன்று தனித்தனிப் பொருள்களை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வகுப்பிலும் பட்டறையிலும் கற்ற திறமை ஒன்று. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.டெக். என்ற தகுதிநிலை இன்னொன்று. அதை எந்த நிறுவனம் கொடுத்தது என்ற பெயர் மூன்றாவது.

ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஃபாக்ட் நிறுவனத்தை 1943இல் தொடங்கியவர்கள் திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள். திருச்சியில் அவர்கள் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. ஆலை வேண்டுமென்றால் கைத்திறன் கற்ற ஆட்களும் வேண்டும் என்பதை அறிந்த தலைமுறை அது. அந்த ஆலைகளுக்குள் போனால் ஐ.டி.ஐ. முடித்தவர் தொழிலாளியாகவும், டிப்ளமோக்காரர் டெக்னீசியனாகவோ மேற்பார்வையாளராகவோ, பொறியியல் பட்டதாரி அதிகாரியாகவும் சேர்வது பொதுத்துறை வழக்கம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸ்களையும் டிரேடு, டெக்னீசியன், கிராஜுவேட் என்றுதான் பிரிக்கிறார்கள். எந்த வாசல் வழியாக நுழைந்தோம் என்பது ஓய்வு பெறும் நாள்வரை சம்பள விகிதத்தையும் பதவி உயர்வையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆக, தகுதிநிலை கடைசிவரை கூட வருகிறது. அதே ஆலையில் பி.டெக். பட்டத்தை எந்தக் கல்லூரி கொடுத்தது என்பதற்கோ சம்பள விதிகளில் இடமே கிடையாது. யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் பல, கேட் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து இன்ஜினியர்களை எடுக்கின்றன. தேர்வு எழுதும் அறைக்குள் எல்லாக் கல்லூரியும் ஒன்றுதான். பெயருக்கு மதிப்பு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் தனியார் வேலையில்தான்.

திறமையா, முத்திரையா?

படித்தவருக்கு ஏன் கூடுதல் சம்பளம் கிடைக்கிறது என்ற கேள்விக்குப் பொருளாதாரத்தில் இரண்டு பழைய பதில்கள் உண்டு. கேரி பெக்கர் 1964இல் எழுதிய நூலில், கல்வி ஒரு முதலீடு என்றார். படிப்பு திறமையைக் கூட்டுகிறது, திறமை கூலியைக் கூட்டுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொன்று சொன்னார். வேலை கொடுப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் திறமை தெரியாது. கடினமான படிப்பை முடித்தவர் திறமைசாலியாகத்தான் இருப்பார் என்று ஊகிக்கிறார். பட்டம் அங்கே ஒரு அடையாளக் குறி. அந்தப் படிப்பு புதிதாக எதையும் கற்றுத் தராவிட்டாலும் குறி வேலை செய்யும். இந்த ஆராய்ச்சிக்காக ஸ்பென்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டு பதிலிலும் உண்மை இருக்கிறது. நம் கேள்விக்கு முக்கியமானது, ஸ்பென்ஸின் பதிலில் ஒளிந்திருக்கும் காலக் கணக்கு. குறி தேவைப்படுவது திறமை தெரியாதவரைதான். தெரிந்த பிறகு குறியை யார் பார்ப்பார்கள்?

காலை நிழல்

முதல் வேலை தேடும்போது 21 வயதுப் பிள்ளையிடம் காட்டுவதற்கு வேலை எதுவும் இருப்பதில்லை. மதிப்பெண் சான்றிதழும் கல்லூரியின் பெயரும்தான் கையில். பெரிய நிறுவனங்கள் கல்லூரிகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைத்திருக்கின்றன. முதல் தரக் கல்லூரிக்குத் தாங்களே தேடி வந்து கேம்பஸ் இன்டர்வியூ நடத்துகின்றன. மற்றக் கல்லூரி மாணவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாமல் போகலாம். தமிழ்நாட்டில் ‘அரியர்’, கேரளத்தில் ‘சப்ளி’ என்று சொல்லப்படும் தவறிய பாடம் ஒன்று இருந்தால் திறந்த கதவும் சாத்திக்கொள்கிறது.

இந்தப் பெயர்மதிப்பு இந்தியாவில் எவ்வளவு உண்மையானது என்பதை ஷீத்தல் சேக்ரி 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இந்திய மாநிலம் ஒன்றில், பேர்பெற்ற அரசுக் கல்லூரியின் கட் ஆஃபுக்குச் சற்று மேலே இருந்து இடம் பெற்றவர்களையும், மயிரிழையில் இடம் தவறியவர்களையும் அவர் ஒப்பிட்டார். இருவரும் ஏறக்குறைய ஒரே திறமை கொண்டவர்கள். படிப்பை முடிக்கும்போது எழுதும் பொதுத் தேர்விலும் அவர்களுக்கிடையே வேறுபாடு இல்லை. சம்பளத்தில் மட்டும் வேறுபாடு இருந்தது. கற்றது ஒன்றாக இருக்க, பெயருக்குத் தனிக் கூலி கிடைத்திருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பெயர் ஒரே அளவு கதவைத் திறக்கிறதா? சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்லூரியின் பெயருக்கு முன்னால் ஆளின் பெயர் வாசிக்கப்படுகிறது. தெரியாததை ஊகத்தால் நிரப்பும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த அநீதிக்கு இடம் இருக்கும்.

முதல் வேலை ஏன் இவ்வளவு முக்கியம்? கனடாவில் ஃபிலிப் ஒரியோபொலஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பதிலைத் தருகிறது. பொருளாதாரம் சரிந்திருந்த ஆண்டில் பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் குறைந்த சம்பளத்தில் தொடங்கினார்கள். அந்தப் பின்னடைவு கரையச் சுமார் 10 ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் நேர்ந்த சறுக்கலை ஈடுசெய்ய முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு. பெரிய கல்லூரி தருகிற உண்மையான லாபம், பல நேரங்களில், இந்தச் சறுக்கலிலிருந்து காப்பாற்றுவதுதான்.

உச்சிவேளை

வேலையில் சேர்ந்த பிறகு கதை மாறுகிறது. ஜோசஃப் ஆல்டோன்ஜி, சார்ல்ஸ் பியர்ரே இருவரும் 2001இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அனுபவம் கூடக் கூடக் கூலியைத் தீர்மானிப்பதில் படிப்பின் பங்கு குறைவதையும், முதலாளியால் முதலில் பார்க்க முடியாத உண்மைத் திறமையின் பங்கு கூடுவதையும் கண்டார்கள். ஃபாபியன் லாங்கே 2007இல் அதன் வேகத்தைக் கணக்கிட்டார். புதிய ஊழியரைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தவறான மதிப்பீட்டில் பாதி, மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தப்பட்டுவிடுகிறது.

இதைவிடப் புகழ்பெற்றது ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரின் 2002 ஆய்வு. 1976இல் சுமார் 30 அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் 1995ஆம் ஆண்டு வருமானத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களில், பெரிய கல்லூரிக்குப் போனவரையும் போகாதவரையும் ஒப்பிட்டார்கள். பெரிய வேறுபாடு இல்லை. பெரிய கல்லூரியில் இடம் பெறும் அளவுக்குத் திறமையும் முனைப்பும் உள்ள பிள்ளை, வேறு கல்லூரிக்குப் போனாலும் ஏறத்தாழ அதே இடத்தை அடைந்துவிடுகிறது. இதற்கு ஒரு விலக்கு இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே கூடுதல் பலன் தந்தது.

வேலை பளிச்சென்று தெரியும் தொழில்களில் பெயர் இன்னும் வேகமாக உதிர்கிறது. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. கப்பல் தளத்தில் ஒரு வெல்டரின் பற்றவைப்பைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக் குமிழோ விரிசலோ இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். அந்தப் படம் அவர் எந்த ஐ.டி.ஐ.யில் படித்தார் என்று கேட்பதில்லை. குசாட்டில் 1970களில் தொடங்கிய கப்பல் தொழில்நுட்பத் துறையின் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டுமே அந்தப் படிப்பு இருந்த காலம் அது. பொதுமக்களிடம் ஐ.ஐ.டி. அளவுக்குப் புகழ் இல்லாவிட்டாலும், கப்பல் கட்டுபவர்களின் சிறிய உலகத்தில் அந்தத் துறை அறியப்பட்டது. ஊர் அறிந்த பெயரும் தொழில் அறிந்த பெயரும் வேறு வேறு. பெற்றோர் முதலாவதைப் பார்க்கிறார்கள், வேலை கொடுப்பவர் பல நேரம் இரண்டாவதைப் பார்க்கிறார்.

களமசேரி வழியாக ஓடும் மெட்ரோவுக்கு முதன்மை ஆலோசகராக இருந்தவர் இ. ஸ்ரீதரன். பாலக்காட்டுக்காரர். பொறியியல் படித்தது காக்கிநாடா அரசுப் பொறியியல் கல்லூரியில். தேர்வெழுதி ரயில்வே பணிக்குள் வந்தார். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, ஆறு மாதம் பிடிக்கும் என்று ரயில்வே மதிப்பிட்ட வேலையை 46 நாளில் முடித்துக் கொடுத்தார். கொச்சிக் கப்பல் தளத்தின் முதல் கப்பல் ‘ராணி பத்மினி’ 1981இல் வெளிவந்தபோது தளத்தின் தலைவர் அவர்தான். கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் பின்னால் வந்தன. பாம்பனுக்குப் பிறகு அவருடைய கல்லூரியை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறதா இல்லையா என்பதில் ஊகத்துக்கு இடமில்லை.

விண்வெளித் துறையிலும் இதே போக்கு. 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்துச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரான வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், டிப்ளமோவோடு தொடங்கியவர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீரமுத்துவேல் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். நாராயணன் ஏ.எம்.ஐ.இ. முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக். படித்தார். முதல் கல்லூரி முடிவான தீர்ப்பு அல்ல என்பதற்கு இவர்கள் சாட்சி. பெரிய நிறுவனத்தின் வாசல் 17 வயதில் மட்டும் திறந்து மூடுவதில்லை என்பதற்கும் இவர்களே சாட்சி.

மாலை நிழல்

மேலே சொன்ன ஆய்வுகளோடு நிறுத்திக்கொண்டால் பெற்றோர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பிந்தைய ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மிக உயர்ந்த 12 கல்லூரிகளை மாநில அரசுகளின் முன்னணிப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டது. சராசரி வருமானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டேல், க்ரூகர் சொன்னது இதுவரை சரி. ஆனால் வருமானத்தின் உச்சத்தில் உள்ள 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு அந்த 12 கல்லூரிகளால் ஒன்றரை மடங்காகிறது. பேர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது. சிலி நாட்டைப் பற்றி சேத் சிம்மர்மன் 2019இல் வெளியிட்ட ஆய்வும், உயர்ந்த கல்லூரிப் படிப்பு பெரிய நிறுவனங்களின் தலைமைப் பதவிகளுக்குப் போகும் வாய்ப்பைக் கூட்டுவதைக் கண்டது. அந்தப் பலன் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளில் படித்த ஆண்களுக்கு மட்டுமே கிடைத்தது.

உச்சிவேளையில் சுருங்கிய நிழல் ஏன் மறுபடி நீள்கிறது? இயக்குநர் குழு, பெரிய ஆலோசனை நிறுவனம், முதலீட்டு வங்கி, உயர்மட்டக் கொள்கைக் குழு ஆகிய இடங்களில் ஒருவருடைய வேலையின் விளைவு பத்து வருடம் கழித்துத்தான் தெரியும், அதிலும் பலருடைய பங்கு கலந்திருக்கும். கதிர்ப்படம் எடுக்க முடியாத வேலை அது. அங்கே மனிதர்கள் மீண்டும் குறியைத் தேடுகிறார்கள், தெரிந்த முகத்தைத் தேடுகிறார்கள். விடுதி அறையில் கூட இருந்தவன், சீனியர், ஜூனியர் என்ற உறவுகள் அப்போதுதான் பலன் தருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யை முன்வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய ‘த காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூல், தகுதி என்று நாம் சொல்வதற்குள் சாதியின் பழைய சேமிப்பு எப்படிப் புகுந்திருக்கிறது என்பதை விளக்குகிறது. திறமைக்குக் கிடைத்த பரிசாகத் தோன்றும் பெயரில் பரம்பரையின் பங்கும் இருக்கிறது.

எல்லைக்கோட்டைத் தாண்டினால் பெயரின் மதிப்பே மாறிவிடுவதையும் கவனிக்க வேண்டும். 2022இல் பிரிட்டன், உலகின் உயர்ந்த பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கென ஒரு தனி விசாவைக் கொண்டுவந்தது. அதன் முதல் பட்டியலில் இந்தியக் கல்வி நிறுவனம் ஒன்றுகூட இல்லை. இங்கே குடும்பமே தலைநிமிரும் பெயர் அங்கே குடியேற்ற அதிகாரிக்கு ஒரு பொருட்டாக இல்லை.

யாருக்கு அதிகம் தேவை?

ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பெண் குசாட்டில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மாமா ஒருவர் கம்பெனியில் இருப்பார், இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று அப்பா சொல்லித் தருவார். கல்லூரி தருவதில் பாதி அவனுக்கு வீட்டிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகம்தான் அறிமுகம், அதுதான் சிபாரிசு. டேல், க்ரூகர் ஆய்வின் விலக்கு இதைத்தான் சொன்னது. சிலி ஆய்வு அதற்கு எச்சரிக்கை. நுழைய மட்டும் விட்டு, உள்ளே உறவு வட்டங்களில் சேர்க்காவிட்டால் பெயர் ஏற்கெனவே இருப்பவர்களுக்கே பயன்படும்.

இதனால்தான் தமிழ்நாடு 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் கொண்டுவந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெயரால் மிகக் குறைந்த பலன் அடைபவர்களிடம் அந்தப் பெயர்கள் குவிந்து கிடப்பதும், மிகுந்த பலன் அடைபவர்களுக்கு எட்டாமல் இருப்பதும் நாட்டுக்கே நட்டம்.

பெயரைச் சுற்றிப் போன பாதைகள்

பட்டத்தையே கேள்வி கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று அவர் வாதாடினார். அரசு ஏற்காததால் கல்லூரி முதல்வர் பொறுப்பை விட்டார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அண்ணாதுரை படித்த அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்த ஸ்ரீதர் வேம்பு, 2005 முதல் ஜோஹோ நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பள்ளி நடத்துகிறார். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து வேலைக்கு எடுக்கிறார்கள். மூன்று வருட வேலையைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய ஊகத்தை, அவர்கள் பயிற்சிக் காலத்திலேயே தீர்த்துக்கொள்கிறார்கள். வேறு நாட்டுக்கோ நிறுவனத்துக்கோ போக நேர்ந்தால் பட்டம் இல்லாதது தடையாகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி விசா இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடான அனுபவமோ கேட்கிறது.

களமசேரியிலேயே 2012இல் ஸ்டார்ட்அப் வில்லேஜ் தொடங்கியது. தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு வருகைப்பதிவில் 20 சதவீதச் சலுகையும் 4 சதவீதக் கருணை மதிப்பெண்ணும் கேரள அரசு அறிவித்தது. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்யும் ‘பேண்டிகூட்’ இயந்திரத்தை 2018இல் கொண்டுவந்த இளைஞர்கள், குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். தேசியத் தரவரிசைகளின் உச்சியில் இல்லாத கல்லூரி அது. கும்பகோணம் நகராட்சி பேண்டிகூட்டைப் பயன்படுத்தத் தொடங்கியபோது பார்த்தது இயந்திரத்தை.

என்ன செய்யலாம்?

பெயர்பெற்ற கல்லூரி கிடைத்தால் தயங்காமல் சேர வேண்டும், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கண்டிப்பாக. கிடைக்காவிட்டால் அதற்காகக் கடனில் மூழ்கவோ பிள்ளையின் இரண்டு மூன்று வருடங்களைக் கோச்சிங் அறையில் அடைக்கவோ தேவையில்லை. அந்தப் பணத்தையும் காலத்தையும் வேலை வெளியே தெரியும்படி செலவிட வேண்டும்: ஒரு ப்ராஜெக்ட், ஒரு அப்ரண்டிஸ்ஷிப், ஒரு பொதுத் தேர்வு, பிறகு ஒரு நல்ல மேற்படிப்பு.

பெரிய பொறுப்பு வேலை கொடுப்பவர்களுடையது. கல்லூரிகளைத் தரம் பிரித்து வடிகட்டுவது அவர்களுக்குச் சுலபமான வழி. அந்தச் சுலபத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதைத் தோரட்டும் அட்டவெல்லும் காட்டிவிட்டார்கள். எந்தக் கல்லூரி மாணவரும் எழுதக்கூடிய திறந்த தேர்வு, கூலியோடு கூடிய பயிற்சிக் காலம், பெயரும் கல்லூரியும் மறைத்த முதல் சுற்று ஆகியவை நடைமுறைக்கு ஒத்து வருபவைதான்.

காலை நேரத்தில் களமசேரி நிலையத்தில் ஒரு பையன் ஐ.டி.ஐ.க்காக இறங்குகிறான். அடுத்த நிலையத்தில் ஒரு பெண் பல்கலைக்கழகத்துக்காக இறங்குகிறாள். நான்கு வருடம் கழித்து வேலை கேட்டு வரும்போது இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க நாம் பழக வேண்டும்: என்ன செய்திருக்கிறாய், காட்டு.